இரண்டு பஞ்சாங்கமும் மூன்று கார்களும்

என் கணவருக்குக் கார்ப் பைத்தியம் அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் பிடித்தது. இளம் வயதில் பிடித்திருந்தால் ஒரு ஸ்கூட்டரோடு போயிருக்கும். ஓய்வு பெற்ற பிறகு பிடித்ததால் நேராக மின்சார செடான் கார்களில் வந்து நின்றது. அதுவும் சாதாரண மின்சாரக் கார் இல்லை. சிக்னல் பச்சையானதும், பக்கத்துப் பேருந்து கியர் போடுவதற்குள் அடுத்த சிக்னலில் போய் நிற்கிற ரகம். கல்கத்தாவில், லேக் பக்கத்தில் எங்கள் தெருவில், இருபதைத் தாண்டி ஓட்டினால் படுத்திருக்கிற நாய் எழுந்து நின்று திட்டும். இந்தத் தெருவுக்கு அந்தக் கார் எதற்கு என்று நான் கேட்டேன். மாடி வீட்டு தாதா கேட்டார், இங்கே தாதா என்றால் அண்ணன். பெங்களூரிலிருந்து மகளும் போன் போட்டுக் கேட்டாள்.

அவருக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் காலையில் படகேறி கங்கையைத் தாண்டி ஹவுராவுக்குப் போய், ரயில் இஞ்சின்களில் பொருத்துகிற மோட்டார்களைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் இருந்தவர் அவர். மோட்டாரை இரும்பு மேடையில் முடுக்கிக் கட்டி, சுமை ஏற்றி, ஓடவிட்டு, சூடாகிறதா, அதிர்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அது போய் எந்த ரயிலை இழுத்தது, எப்படி இழுத்தது என்று அவருக்குத் தெரியாது. கட்டிப்போட்ட மோட்டாரையே ஆயுசு பூராவும் பார்த்தாகிவிட்டது, ஒன்றாவது என்னை இழுத்துக்கொண்டு போகட்டுமே என்பார்.

உண்மையில் எங்கள் வீட்டில் கார் ஓட்டுகிறவள் நான்தான். அலிப்பூரில் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒரு பழைய சின்ன பெட்ரோல் காரை வைத்துக்கொண்டு தினமும் போய் வந்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் மார்க்கெட் ஓரமாகக் காய்கறி வாங்கப் போகும்போது மட்டும் ஓட்டுவார். கிளட்சை அவர் மிதிக்கிற மிதியில் எனக்குப் பல் கூசும்.

அவர் அவசரப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. அதனால் தெரிந்தபோதே பாதி போயிருந்தது. போனது திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்தால் பிடித்து வைக்கலாம் என்றார் கண் டாக்டரம்மா. பகலில், பழகின சாலையில் இப்போதைக்கு ஓட்டலாம். பூஜை விடுமுறை முடிந்து மறுபடியும் பார்வையின் அகலத்தைச் சோதிப்பேன், அப்போது இன்னும் சுருங்கியிருந்தால் சாவியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது ஆனி மாதம். துர்கா பூஜைக்கு நிறைய நாள் இருந்தது. நிறைய நாள் இருக்கிறது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

கார் பார்க்கிற படலம் பெண் பார்க்கிற படலம் மாதிரியே நடந்தது. ஞாயிறு காலையில் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வர வேண்டும். முன்னால் இடதுபக்கம் கடைக்காரர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். சின்னது, நடுவிலது, பெரியது என்று விலையை வைத்து மூன்றுக்கும் நான்தான் பெயர் வைத்தேன். கம்பெனிப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை.

முதலில் சின்னது. சிவப்பு நிறம். விளம்பரத்தில் சீறிப் பாய்ந்தது. நிஜத்திலும் பாய்ந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதுகில் யாரோ கையை வைத்துத் தள்ளிவிட்டது போல இருந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் முன் சக்கரங்கள் வழுக்கி, ஸ்டியரிங் அவர் கையைத் திருகியது. கதவைச் சாத்தினால் தகர டப்பாவை மூடின சத்தம். நியூ டவுனுக்குப் போகிற வழியில் ஒரு வேகத்தடையில் அடிவயிறு உரசியதும் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பேட்டரி முழுவதும் அங்கேதான் இருக்கிறதாம். ஏதோ தன் வயிறே உரசின மாதிரி இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். வேகம் இருக்கிறது, வேகத்தை வைத்துக்கொள்ள உடம்பு இல்லை என்று அதைக் கழித்துக் கட்டினார்.

அடுத்தது பெரியது. கறுப்பு, வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் விலைக்குச் சின்னதில் நாலு வாங்கி ஒன்றைத் தானம் பண்ணலாம். வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும், ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் கோட்டு போட்டிருந்தார். சீட் முதுகைப் பிடித்துவிட்டது. வேகத்தடை வந்தால் கார் தானே எழும்பி நின்று தாண்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தது. குறுகலான இடத்தில் திருப்பினால் பின் சக்கரமும் சேர்ந்து திரும்பியது. எனக்கு அதை விட்டு இறங்கவே மனம் இல்லை. இவர் இறங்கி வந்து, குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை என்றார். பிறகு பிடிக்காத சொந்தக்காரர் வீட்டிலிருந்து வெளியே வந்தவர் போல மூஞ்சியை வைத்துக்கொண்டு, "நான் அமுக்குறேன், அது யோசிச்சுப் பார்த்துட்டு சரி போகலாம்னு போகுது. ஓட்டுறது அதுவா, நானா?" என்றார்.

நடுவிலதைப் பார்க்கப் போனது ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு. வெளிர் நீலம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்தக் கடையில் ஒரு வங்காளிப் பெண்தான் கூட வந்தாள். என்னை மாஷிமா, மாஷிமா என்று சித்தியாக்கிக்கொண்டாள். பின் சக்கரங்களில் மோட்டார். கிளம்புகிறபோது தள்ளவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. காலைக் கொஞ்சம் எடுத்தால் பிரேக்கைத் தொடாமலே அடங்கியது. கொஞ்சம் வைத்தால் எழும்பியது. நியூ டவுனில் அந்த அகல ரோடு காலியாகக் கிடந்தது. ஒரு தடவை முழுசா அழுத்திப் பாருங்கள் ஸார், சாலையின் வேக வரம்பு வரைக்கும்தான், பயம் இல்லை என்றாள் அந்தப் பெண்.

அவர் நடுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "பிடிச்சுக்கோ" என்றார்.

நான் கதவுப் பிடியைப் பிடித்தேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், முருகா என்றேன். சத்தம் ஒன்றும் இல்லை, அதுதான் பயம். தலை பின்னால் போய் சீட்டில் ஒட்டிக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது வண்டி அடங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திரும்பி, ஸாருடைய முகத்தைக் கண்ணாடியில் பார்த்தீர்களா மாஷிமா, சின்னப் பையன் மாதிரி என்றாள். நான் பெரிதாகத் தலையை ஆட்டி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குள் அவர் முகம் பழைய முகமாகிவிட்டது.

திரும்பி வருகிற வழியில் சாலையோரக் கடையில் மண் குவளையில் டீ குடித்தோம். அவர் தன்னுடையதைக் குடித்துவிட்டு, பராக்குப் பார்த்தபடி என்னுடையதையும் எடுத்துக் குடித்தார். காலிக் குவளையைக் கூடையில் போட்டுவிட்டு, "இழுத்துச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

அப்போதே கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்டிருக்கலாம், போட்டிருக்கலாம் என்று இப்போது தலையில் அடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?

எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு நாள்காட்டிகள் தொங்கும். ஒன்று சென்னையிலிருந்து யாராவது கொண்டுவருகிற தினசரிக் காலண்டர். இன்னொன்று தெருமுனை இனிப்புக் கடைக்காரர் கொடுக்கிற வங்காள மாதக் காலண்டர். நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறது. அவர் வங்காளத்தில்தான் கணக்குப் போடுவார், வங்காளத்தில்தான் கனவு காண்பார். இத்தனை வருஷமும் எந்தக் காலண்டர் எங்களுக்குச் சாதகமோ அதைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் போனோம்.

அந்த வாரமே போய் முன்பதிவு செய்துவிடலாம் என்றார். நான் காலண்டரைப் பார்த்தேன். இன்னும் ரெண்டு நாளில் ஆடி பிறக்கிறது. "ஆடியில யாராவது வண்டி எடுப்பாங்களா? ஆவணி பிறக்கட்டும்" என்றேன். சரி என்றார்.

ஆடி முழுக்க மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பால்கனியில் நின்று தண்ணீரைப் பார்த்து, நடுவிலது இதில் போகுமா, பெரியது எழும்பித் தாண்டிவிடும், சின்னது முங்கிவிடும் என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். காரேஜில் சார்ஜ் போடுகிற பாயின்ட் வைக்க அடுக்ககத்துக் கமிட்டியிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினார். கார் இல்லாத இடத்தில் பாயின்ட் மட்டும் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் கீழே போய் அதைப் பார்த்துவிட்டு வருவார்.

ஆவணி பிறந்தது. தமிழனுக்கு நல்ல மாதம். நான் குளித்துவிட்டு வந்து, கிளம்பலாமா என்றேன். அவர் வங்காளக் காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நம்முடைய ஆவணிதான் இவர்களுக்கு பாத்ரோ மாதம். அந்த மாதத்தில் வங்காளிகள் கல்யாணம் பண்ண மாட்டார்கள், புதுவீடு போக மாட்டார்கள், வண்டி எடுக்க மாட்டார்கள். அந்தக் கடைப் பெண்ணே, பாத்ரோ போகட்டும் மாஷிமா என்றுதான் சொன்னாள். அவர் தயங்கினார். பிறந்து வளர்ந்த ஊரின் பழக்கம், அவர் மனசில் ஒரு உறுத்தல் இருந்தால் எதற்கு என்று நானும் சரி என்றேன். அடுத்து மகாளய பட்சம். அது இரண்டு காலண்டரிலும் ஆகாது. வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

விஜயதசமி அன்று எடுத்துவிடலாம் என்று நான் நாள் குறித்தேன். எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் உண்டா? ஆனால் இந்த ஊரில் அது அம்மன் கிளம்பிப் போகிற நாள். ஊரே கண்ணும் கண்ணீருமாக ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைகள் எல்லாம் இழுத்து மூடிக் கிடந்தன. அன்று காலையில் நாங்கள் இரண்டு பேரும் புதுத்துணி உடுத்திக்கொண்டு பூட்டின கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே அந்த வெளிர் நீலம் தெரிந்தது. அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு தசமிக்குக் கடை திறந்திருக்கும் என்று நம்பின எங்களை என்னவென்று சொல்வது? நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கடையைத் திட்டினேனா, அவரைத் திட்டினேனா, என்னையா என்று எனக்கே தெரியவில்லை.

லட்சுமி பூஜை கழிந்து ஒருவழியாக முன்பதிவு செய்தோம். அந்த நிறம் வர கார்த்திகை ஆகும் என்றார்கள்.

அதற்கு முன்பே, காளி பூஜைப் பட்டாசு ஓய்ந்ததும் கண் சோதனை வந்துவிட்டது. இருட்டு அறை. ஒரு வெள்ளைக் குழிக்குள் முகவாயை வைத்துக்கொண்டு நேராகப் பார்க்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் வந்து போகும். பார்த்தால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பொத்தான் சத்தம் கேட்கும், பிறகு கொஞ்சம் இடைவெளி, பிறகு சத்தம். போகப் போக இடைவெளி நீளமானது. அந்த இடைவெளியிலும் புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அவர் கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராகக் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து போய் அந்த விரலை நான் அமுக்கிவிடலாமா என்று இருந்தது.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். கறுப்பு நாலு பக்கமும் உள்ளே வந்திருந்தது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் உங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னார். அவர் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து என் கையில் கொடுத்தார். அங்கேயே, டாக்டருக்கு முன்னால். ஏதாவது மறுத்துப் பேசியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

மஞ்சள் டாக்சியில் வீடு திரும்பினோம். காரை ரத்து செய்துவிடலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். யார் ஓட்டுவதற்கு என்றேன். நீ ஓட்டு, யார் அமுக்கினாலும் மோட்டார் இழுக்கத்தானே போகிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேலேயாவது கோபப்பட வேண்டும், பக்கத்தில் இருந்தது அவர்தான். "நீங்க மட்டும் பாத்ரோ மாசம்னு நிக்காம இருந்திருந்தா, ஆவணியிலயே வண்டி வந்திருக்கும். ரெண்டு மாசமாவது ஓட்டியிருப்பீங்க" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "எனக்கென்ன பாத்ரோ. நீ ஆடிக்கு பயந்தே. பாத்ரோவில எடுத்தா, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா மாடி வீட்டு தாதா பொண்டாட்டி உன்னைத்தான் சொல்லுவா, நீ மனசு கஷ்டப்படுவேன்னு விட்டுட்டேன்."

நான் ஆடிக்கு பயந்தேனா? ஆடித் தள்ளுபடியில் புடவை, குக்கர், மிக்ஸி எல்லாம் வாங்கினவள் நான். பிறந்த வீட்டில் சொல்வார்கள், அதனால் சொன்னேன். வாய்ப் பழக்கம். என் வாய்ப் பழக்கத்தை அவர் பயம் என்று எடுத்துக்கொண்டார். அவர் கரிசனத்தை நான் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் விட்டோமே. டாக்சி ஓட்டுகிறவர் ஹார்னை அடித்துக்கொண்டே வந்தார், நல்லவேளை, நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

கார்த்திகையில் கார் வந்தது. லேக் பக்கத்தில் நம்மவர்கள் கோயில் வாசலில் நிறுத்திப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஸார் வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுக்கட்டும் என்றார் குருக்கள். அவருக்கு என்ன தெரியும்? நான் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் அதற்குள் வலதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். முன்னால் வெறும் கோயில் மதில், ஆள் யாரும் இல்லை. கால் வைத்தார். இஞ்சின் சத்தம் இல்லாததால் பழங்கள் நசுங்குகிற சத்தம் தனியாகக் கேட்டது. நிறுத்தினார். இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இடதுபக்கம் ஏறிக்கொண்டார். சொந்தக் காரை அவர் ஓட்டிய தூரம் அவ்வளவுதான், ஒரு எலுமிச்சம்பழம் நசுங்குகிற தூரம்.

அதற்குப் பிறகு ஓட்டுவது நான். நாற்பதைத் தாண்டவில்லை. அலிப்பூருக்கு ஓட்டின மாதிரியே இதையும் ஓட்டினேன். குதிரையை வாங்கி மாட்டு வண்டியில் பூட்டிவிட்டாய் என்று தினமும் என்னை வம்புக்கு இழுத்தார். சின்னது இருந்தால்கூட உன் கையில் இவ்வளவு கேவலப்பட்டிருக்காது என்பார். நானும் விடமாட்டேன், பெரியதை வாங்கியிருந்தால் என்னையே ஓட்டவிடாமல் அதுவே பார்த்துக்கொண்டிருக்கும் என்பேன். ஒப்பிடுகிற பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, பனி விலகின பிறகு, நியூ டவுனுக்குப் போனோம். அதே ரோடு. முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஒரு தடவை முழுசா அமுக்கு" என்றார்.

முருகா என்றேன். இந்தத் தடவை கண்ணை மூட முடியாது. அமுக்கினேன். தலை பின்னால் போய் ஒட்டியது, ரோடு ஓடி வந்தது, பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா, மூச்சா என்று தெரியவில்லை. அப்படி ஒரு சத்தத்தை அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்க்க மனம் அடித்துக்கொண்டது. தூரத்தில் ஒரு டோட்டோ, அதுதான் பேட்டரி ரிக்‌ஷா, குறுக்குச் சாலையிலிருந்து எட்டிப் பார்த்தது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலை எடுத்து, வண்டி அடங்கி, ஓரமாக நிறுத்தித் திரும்புவதற்குள் அவர் குனிந்து கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நான் ஓட்டினப்போ நீ கண்ணாடியில பார்த்தேல்ல? இன்னிக்கும் என் மூஞ்சி அப்படித்தானே இருந்துச்சு?"

"ஆமாங்க. அப்படியேதான்" என்றேன்.

இரண்டு தடவையும் நான் பார்க்கவில்லை.